கலிபோர்னியாவின் கவுண்டி சட்ட நூலகங்கள்: பணம் யார் கையில், பொறுப்பு யார் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைத் தகராறு, மணமுறிவு, பெயர் மாற்றம், இறந்துபோன உறவினரின் சொத்து என்று ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கலிபோர்னியாவில் வழக்கறிஞர் இல்லாமலே நீதிமன்றப் படியேறும் தமிழர்களில் பலர், தங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தங்களுக்கும் உரிய சட்ட நூலகம் ஒன்று இருப்பதைத் தாமதமாகத்தான் அறிந்துகொள்கிறார்கள். அறிந்த பிறகு அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன: இதை யார் நடத்துகிறார்கள், காசு யார் தருகிறார்கள், திடீரென்று திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். இங்கே விளக்கப்படுவது கலிபோர்னியச் சட்டம். பிற மாநிலங்களுக்கென்று ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

ஊர்ப் பொது நூலகத்தில் சட்டப் புத்தகங்கள் வைத்திருக்கும் அலமாரியைத்தான் சட்ட நூலகம் என்கிறார்களா?

இல்லை, அது தனி நிறுவனம். கவுண்டிதோறும் சட்ட நூலகம் அமைப்பதற்கான பொது ஏற்பாடு 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ நூலகங்கள் அந்த ஆண்டில்தான் பிறந்தன. இன்று அந்த ஏற்பாடு மாநிலத்தின் வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பில் 6300-ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் அத்தியாயமாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மட்டும் அதற்கும் மூத்தது. அதன் நூலகத்துக்கு 1870-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது.

வெளித்தோற்றத்தை வைத்து இவற்றை எடைபோட முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் ஃபர்ஸ்ட் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் நிற்பது ஒரு முழுக் கட்டடம். அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுச் சட்ட நூலகங்களுள் அதுவும் ஒன்று. மக்கள்தொகை குறைந்த மலைக் கவுண்டிகளிலோ ஒரே அறைதான் நூலகம். இரண்டுக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான்.

நான் வக்கீல் இல்லையே, என்னை உள்ளே விடுவார்களா? கட்டணம் உண்டா?

தாராளமாக விடுவார்கள், கட்டணமும் கிடையாது. நீதிபதிகள், மாநில மற்றும் கவுண்டி அதிகாரிகள், வழக்கறிஞர் கழக உறுப்பினர்கள், கவுண்டியில் வசிக்கும் அனைவர் ஆகிய எல்லோருக்கும் நூலகத்தில் அமர்ந்து படிப்பது இலவசம் என்று 6360-ஆம் பிரிவு சொல்கிறது. வசிப்பவர் என்பதற்குக் குடியுரிமை தேவையில்லை; எச்1பி விசாவில் இருப்பவரும், பிள்ளைகளைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் பெற்றோரும் தயங்காமல் போகலாம், வாசலில் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வது வேறு விஷயம். அதற்கு முன்பணம் கேட்கவும், சந்தா வசூலிக்கவும், சிறப்புச் சேவைகளுக்குக் கட்டணம் விதிக்கவும் நூலகத்துக்கு அதிகாரம் உண்டு. நகலெடுக்க எங்கும் காசுதான்.

அப்படியானால் செலவை யார் ஏற்கிறார்கள்? நாங்கள் கட்டும் சொத்து வரியிலிருந்தா?

பெரும்பாலும் இல்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கிறது. ஊர்ப் பொது நூலகம் வரிப்பணத்தில் நடக்கிறது. சட்ட நூலகமோ நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுப்பவரும் அதற்குப் பதில் தாக்கல் செய்பவரும் கட்டும் முதல் தாக்கல் கட்டணத்திலிருந்து பிரித்துத் தரப்படும் ஒரு சிறு பங்கில் நடக்கிறது. குற்றவியல் வழக்கிலிருந்தோ போக்குவரத்து அபராதத்திலிருந்தோ அதற்கு எதுவும் வருவதில்லை.

கவுண்டி அரசு விரும்பினால் தன் பொது நிதியிலிருந்து நூலகத்துக்குப் பணம் ஒதுக்கலாம். சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. 'செய்யலாம்' என்று எழுதிய இடத்தில் எந்தக் கவுண்டியும் அவசரப்பட்டுச் செய்வதில்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வழக்குப் போட 435 டாலர் கட்டினேன். அதில் நூலகத்துக்கு எவ்வளவு போயிருக்கும்?

கோரும் தொகை 35,000 டாலருக்கு மேற்பட்ட உரிமையியல் வழக்குக்குப் பெரும்பாலான கவுண்டிகளில் முதல் தாக்கல் கட்டணம் 435 டாலர். ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்றில் நீதிமன்றக் கட்டடத்துக்கான மேல்கட்டணம் சேர்வதால் சற்றுக் கூடுதல். அந்தத் தொகை நேரே ஒரே பெட்டியில் விழுவதில்லை. நீதிமன்றங்களை நடத்தும் நிதி, கட்டட நிதி, நீதிபதிகளின் ஓய்வூதிய நிதி, ஏழைகளுக்கான சட்ட உதவி நிதி, சமரச மையங்களுக்கான நிதி என்று அது பல கூறாகப் பிரிகிறது. சட்ட நூலகத்தின் பங்கு அவற்றில் ஒன்று; அது பெரிய பங்கும் அல்ல. எவ்வளவு என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

நீதிமன்றம் வசூலித்த பணம் மாநில அளவில் சேர்க்கப்பட்டு, மாநில நீதிமன்றங்களின் நிர்வாகத்தைக் கவனிக்கும் நீதித்துறைக் கவுன்சிலின் வழியாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. கவுண்டிக்கு வந்து சேரும் நூலகப் பங்கைக் கவுண்டிக் கருவூலர் சட்ட நூலக நிதி என்ற தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கவுண்டியின் மற்றப் பணத்தோடு அதைக் கலக்கக் கூடாது.

மாநிலம் முழுவதும் ஒரே கட்டணம் என்கிறீர்கள். பிறகு நூலகப் பங்கு மட்டும் ஏன் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது?

இதற்குக் காரணம் 2005-ஆம் ஆண்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்டது. நூலகப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொள்ள உள்ளூர் ஆட்சிக் குழுக்களுக்கு அதிகாரமும் இருந்தது. சில கவுண்டிகள் அதைத் தவறாமல் பயன்படுத்தின, சில கண்டுகொள்ளாமல் விட்டன. 2005-இல் சீரான உரிமையியல் கட்டணச் சட்டம் நிறைவேறி, 2006 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் ஒரே கட்டண அட்டவணை நடைமுறைக்கு வந்தபோது, வழக்குத் தொடுப்பவர் கட்டும் மொத்தத் தொகை சீரானது; அதற்குள் நூலகத்துக்குப் போகும் பங்கு, அந்தந்தக் கவுண்டி அதுவரை எங்கே நின்றதோ அங்கேயே ஏறத்தாழ உறைந்துபோனது.

ஆகவே பழைய ஆட்சிக் குழு ஒன்றின் சுறுசுறுப்போ சோம்பலோ இன்றைய நூலகத்தின் வருமானத்தைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. மேலும், பங்கை உயர்த்தும் அதிகாரம் உள்ளூரிலிருந்து சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. நூலகப் பணத்தைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை: கவுண்டி அலுவலகத்தில் போய் 'ஏன் ஏற்றிக் கொடுக்கக் கூடாது' என்று சண்டை போடுகிறவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

நான் மெடி-கால் வாங்குகிறவள். நீதிமன்றம் எனக்குக் கட்டண விலக்குக் கொடுத்தது. என்னால் நூலகத்துக்கு நஷ்டமா?

கணக்குப்படி ஆம், ஆனால் அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். மெடி-கால் (மருத்துவ உதவி), கால்ஃபிரெஷ் (உணவு உதவி), எஸ்எஸ்ஐ (முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான உதவித்தொகை) போன்ற அரசு உதவிகளைப் பெறுபவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டண விலக்குப் பெறும் உரிமை உண்டு. விலக்கு அளிக்கப்பட்டால் 435 டாலர் வருவதில்லை. வராத பணத்தில் பங்கும் இல்லை. பின்னால் நீங்கள் வழக்கில் வென்றோ 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் பெற்றுச் சமரசம் செய்துகொண்டோ பணம் கிடைத்தால், விலக்கப்பட்ட கட்டணத்தை நீதிமன்றம் வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றும் வழக்கிலும் குடும்ப வழக்கிலும் அப்படிப் பெரிய தொகை கைக்கு வருவது அரிது.

குறை இந்த அமைப்பில் இருக்கிறது, விலக்குக் கேட்பவரிடம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்தான் நூலகத்துக்கு அதிகம் வருவார். அவர்தான் கட்டண விலக்கும் பெறுவார். பொருளாதாரம் சரியும் ஆண்டில் நூலகத்தில் கூட்டம் ஏறும். அதே ஆண்டில் விலக்குகளும் பெருகி வருமானம் இறங்கும். தேவையும் வரவும் எதிரெதிர்த் திசையில் நகரும்படி ஒரு பொது நிறுவனத்தை அமைத்திருப்பது, என் பார்வையில், இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய பிழை.

வழக்குகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டால் என்ன ஆகும்?

வருமானமும் குறையும். 2008-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கத்தில் கடன் வசூல் வழக்குகள் குவிந்தன. பிறகு தாக்கல்கள் நன்றாக இறங்கின. கைப்பேசி ஒப்பந்தம் முதல் வேலை ஒப்பந்தம் வரை தனியார் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்தும் விதிகள் நுழைந்திருப்பதும் ஒரு காரணம்: நடுவர் முன் போகும் தகராறு நீதிமன்றத்தில் கட்டணம் கட்டுவதில்லை. ஒரு வழக்குக்கான பங்கு உறைந்துகிடக்க, வழக்குகளும் குறைய, சட்டப் பதிப்பகங்கள் மட்டும் ஆண்டுதோறும் விலையை ஏற்றிக்கொண்டே போயின.

மாநில அரசு நேரடியாக எதுவும் கொடுத்ததே இல்லையா?

கொடுத்திருக்கிறது. 2018-19 வரவுசெலவுத் திட்டத்தில், முன் கேள்வியில் சொன்ன வருவாய் இழப்பை ஈடுகட்டக் கவுண்டி சட்ட நூலகங்களுக்கென்று 1 கோடியே 65 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. மாநிலத்தின் பொது நிதி இப்படி நூலகங்களின் பக்கம் திரும்பியது, நூலகர்கள் நெடுங்காலம் சட்டமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான்.

அதை ஒருமுறை உதவியாகத்தான் கொடுத்தார்கள். இத்தகைய உதவியை வைத்துச் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் உண்டு: கிழிந்த தொகுதிகளை மாற்றலாம், கணினிகளை வாங்கலாம், கூரையைச் செப்பனிடலாம், ஆனால் அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று நம்பி ஆளை நியமிக்க எந்த நூலகமும் துணியாது.

சரி, இதை நிர்வகிப்பது யார்? கவுண்டியா, நீதிமன்றமா?

இரண்டும் இல்லை. ஒவ்வொரு சட்ட நூலகத்துக்கும் அறங்காவலர் குழு என்று தனிக் குழு உண்டு. நம் ஊர்க் கோயில் அறங்காவலர்களைப் போல, சொத்தும் செலவும் அவர்கள் பொறுப்பில் இருக்கும், சொந்தம் மட்டும் அவர்களுடையது அல்ல. குழுவின் அமைப்பை 6301-ஆம் பிரிவு வகுக்கிறது. கவுண்டியின் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் நீதிமன்றத்தில் மூன்றுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் இருந்தால், அவர்கள் தங்களுக்குள் நால்வரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். மூவருக்கு மேல் இல்லாத இடத்தில் எல்லா நீதிபதிகளும் பதவிவழி அறங்காவலர்கள். மேற்பார்வையாளர் குழு எனப்படும் கவுண்டி ஆட்சிக் குழுவின் தலைவரும் பதவிவழி அறங்காவலர். மொத்தம் ஆறு அல்லது ஏழு பேர் சேரும்வரை மீதி இடங்களை அந்த ஆட்சிக் குழு நிரப்பும்.

நடைமுறையில் இந்தப் பெயர்கள் அப்படியே மேசையில் உட்காருவதில்லை. நீதிபதி தனக்குப் பதிலாக ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம். ஆட்சிக் குழுத் தலைவர் கேட்டுக்கொண்டால், அவருடைய இடத்தில் வழக்கறிஞர் ஒருவரையோ சக உறுப்பினரையோ நீதிபதியையோ நியமிக்கலாம். ஆகவே கூட்டத்துக்குப் போனால், தேர்தலில் வென்ற அரசியல்வாதி யாரையும் பார்க்காமலே திரும்ப நேரிடலாம்.

குழுவில் பாதிக்கு மேல் நீதிபதிகள் என்றால், அது நீதிமன்றத்தின் கிளைதானே? நீதிமன்றத்துக்கு எதிராக மேல்முறையீடு செய்பவனுக்கு நியாயமாக உதவுவார்களா?

இந்த ஐயம் நியாயமானதுதான். ஆனால் நிர்வாகம் வேறு, அன்றாடச் சேவை வேறு. அறங்காவலர்கள் தீர்மானிப்பது நூலகரின் நியமனம், ஊதியம், ஆண்டுச் செலவு, திறக்கும் நேரம், கிளைகள், விதிகள் போன்றவற்றை. யார் எந்த வழக்குக்காக எந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார் என்பது அவர்கள் பார்வைக்கு வருவதில்லை. மேல்முறையீட்டுக் கையேட்டைக் கேட்டால் நூலகர் எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். ஊழியர்கள் நீதிமன்றத்தின் ஊழியர்களும் அல்லர், நூலகப் பணம் நீதிமன்றத்தின் கணக்கிலும் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டிய சாய்வு வேறொன்று. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த குழுவுக்கு வழக்கறிஞர்களின் தேவைதான் முதலில் கண்ணில் படும். விலை உயர்ந்த வரிச் சட்டத் தொகுதியைப் புதுப்பிப்பதா, மாலை நேரத்தில் கதவைத் திறந்து வைப்பதா என்ற கேள்வி வந்தால், பகலில் வேலைக்குப் போகிற வாடகைதாரரின் பக்கம் பேச மேசையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அறங்காவலருக்குச் சம்பளம் உண்டா? சாதாரண ஆள் ஆகலாமா?

சம்பளம் கிடையாது, சட்டமே அதைக் கௌரவப் பதவி என்கிறது. ஆட்சிக் குழு நிரப்பும் இடங்களுக்குப் பெரும்பாலும் வழக்கறிஞர்களே நியமிக்கப்படுகிறார்கள்; வழக்கறிஞர் அல்லாதவருக்கு இடம் உண்டா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நியமனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டுத் தொடக்கத்தில் நடப்பவை. விருப்பமுள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே உங்கள் பகுதி மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். காலியிடத்துக்குப் போட்டி பெரும்பாலும் இருக்காது என்பது இந்தப் பதவியின் வசதிகளில் ஒன்று.

கட்டடம், மின்சாரம், துப்புரவு எல்லாம் நூலகப் பணத்திலா?

இங்கேதான் கவுண்டிக்குக் கடமை வருகிறது. அறங்காவலர் குழு கேட்டால் நூலகத்துக்குப் போதுமான இடத்தை ஆட்சிக் குழு வழங்க வேண்டும் என்பது 6361-ஆம் பிரிவு. இடத்தோடு சேர்த்து வழங்கக்கூடியவற்றை அந்தப் பிரிவு ஒரு குடித்தனக்காரரின் கண்ணோடு எண்ணி வைத்திருக்கிறது: அறைகலன், சன்னல் திரை, தரைவிரிப்பு, விளக்கு, வெப்பமூட்டி, தொலைபேசி, துப்புரவு. பிற்காலச் சட்டங்கள் 'தக்க வசதிகள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். இது சன்னல் திரையைக்கூட மறக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நடத்தும் செலவு போக மிச்சப் பணம் இருக்கிறது, இடத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று அறங்காவலர்களே முடிவு செய்தால் கவுண்டிக்கு அந்தக் கடமை இல்லை. முடிவு செய்யும் உரிமை அறங்காவலர்களிடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'உங்களிடம்தான் கையிருப்பு இருக்கிறதே' என்று கவுண்டி தானாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

'போதுமான இடம்' என்றால் எத்தனை சதுர அடி?

சட்டம் எண் எதையும் சொல்லவில்லை, ஆகவே இது எப்போதும் பேரம்தான். நீதிமன்றத்துக்கு இன்னோர் அறை தேவைப்படும்போதும், கவுண்டி தன் கட்டடங்களைச் சீரமைக்கும்போதும், முதலில் பார்வை விழுவது நூலக அலமாரிகளின் மேல். அலமாரிக்கு அடுத்துள்ள மேசையும் நாற்காலியும் வாசகருக்குத் தேவை என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ இதில் தனி வகை. 1906 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் அதன் தொகுப்பு அழிந்து, மறுபடியும் கட்டியெழுப்பப்பட்டது. அந்த நகரத்தின் சாசனமே நூலகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குறைந்தது நூலகர், துணை நூலகர், புத்தகம் கட்டுநர் ஆகிய மூன்று பணியிடங்களின் ஊதியத்தையாவது நகரமே தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாசனத்தில் இடம்பிடித்த புத்தகம் கட்டுநர் வேறு எங்காவது இருக்கிறாரா என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால் பாடம் தெளிவு: பணியிடத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதி வைத்த இடத்தில், பணம் இறுகும் ஆண்டில் அதை நீக்குவது கடினம்.

கணக்கு வழக்கை நாம் பார்க்க முடியுமா?

முடியும். ஜூன் 30-இல் முடியும் நிதியாண்டுக்கான அறிக்கையை அக்டோபர் 15-க்குள் அறங்காவலர் குழு ஆட்சிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்பவை அதில் இருக்கும். அது பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும்.

கூட்டங்களும் அப்படியே. உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்களை மக்களுக்குத் திறந்துவிட்ட 1953-ஆம் ஆண்டு பிரவுன் சட்டம் இந்தக் குழுக்களையும் கட்டுப்படுத்துகிறது: வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், பொதுமக்களைப் பேசவிட வேண்டும். நிதிநிலை அறிக்கை நிறைவேறும் கூட்டத்துக்கு ஒரே ஒரு வாசகர் வந்து, சனிக்கிழமை மூடாதீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசினாலும் அது குறிப்பேட்டில் ஏறும். வழக்கமாக வெளியாள் எவரும் வராத கூட்டம் என்பதால் அந்த இரண்டு நிமிடத்துக்கு மதிப்பு அதிகம்.

எல்லாச் சட்டமும்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, இவ்வளவு செலவு எதற்கு?

சட்டப் பிரிவுகளின் வாசகமும் பல தீர்ப்புகளும் இலவசமாகக் கிடைப்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அது அல்ல. வெளியேற்ற அறிவிப்புக்கு எத்தனை நாளில் எந்தப் படிவத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பிரிவுக்கு நீதிமன்றங்கள் என்ன பொருள் கொண்டிருக்கின்றன, நீங்கள் நம்பியிருக்கும் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்பவைதான் வேண்டியவை. அவற்றைச் சொல்லும் நடைமுறைக் கையேடுகளும், வெஸ்ட்லா, லெக்ஸிஸ் போன்ற தரவுத்தளங்களும் சந்தா கட்டியவர்களுக்குத்தான் திறக்கும். நூலகம் அந்தச் சந்தாவைக் கட்டி, தன் கணினியில் உங்களை உட்காரவைக்கிறது.

அச்சுப் புத்தகத்தின் செலவும் ஒருமுறை வாங்குவதோடு முடிவதில்லை. ஒரு சட்டத் தொகுதியை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து பாருங்கள்: உட்புறத்தில் ஒரு பிளவு இருக்கும், அதில் மெல்லிய இணைப்பேடு செருகியிருக்கும். அந்த ஆண்டு மாறிய சட்டமும் புதிய தீர்ப்புகளும் அதில்தான் இருக்கின்றன. அதன் மேலட்டையில் இந்த ஆண்டு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புத்தகத்தை நம்ப வேண்டும். சந்தாவை நிறுத்திவிட்ட தொகுதிகளில் அந்த இணைப்பேடு பழைய ஆண்டோடு நின்றுவிடும்; அலமாரி நிறைந்து தெரியும், உள்ளே இருப்பது காலாவதியான சட்டமாக இருக்கும்.

பணம் குறைந்தால் முதலில் எதை வெட்டுவார்கள்?

வெளியே தெரியாததை. முதலில் மேற்சொன்ன இணைப்பேடுகளின் சந்தா, பிறகு காலியான பணியிடம், பிறகு மாலை நேரமும் சனிக்கிழமையும், கடைசியில் கிளைகள். நேரத்தைக் குறைத்த பிறகுதான் பொதுமக்கள் விழித்துக்கொள்கிறார்கள்; அதற்குள் தொகுப்பு பல ஆண்டு பின்தங்கியிருக்கும்.

எங்கள் கவுண்டி மிகச் சிறியது. அங்கே எப்படி நடக்கிறது?

ஏறத்தாழ 1,200 பேர் வாழும் ஆல்பைன் கவுண்டியையும், ஒரு கோடிக்குப் பக்கத்தில் மக்கள் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியையும் ஒரே அத்தியாயம் ஆள்கிறது. சிறிய இடங்களுக்காகச் சில தளர்வுகள் உண்டு: நீதிபதிகள் மூவருக்கு மேல் இல்லாவிட்டால் ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு வேறு இருவரை நியமிக்கலாம், வழக்கறிஞர் சங்கமே இல்லாத கவுண்டியில் போதிய வழக்கறிஞர்களும் கிடைக்காவிட்டால் குழுவை மூன்று பேர் வரை சுருக்கிக்கொள்ளலாம்.

நிர்வாகத்துக்குத் தளர்வு கொடுத்த சட்டம் பணத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. வழக்குகள் கையளவே பதிவாகும் இடத்தில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒரு முழுநேர நூலகரை வைக்க முடியாது. தரவுத்தளச் சந்தா ஒன்றும், கணினி ஒன்றும், நீதிமன்ற ஊழியர் யாரேனும் திறந்துவிடும் அறையும்தான் பல இடங்களில் சாத்தியம்.

அப்படியானால் ஊர்ப் பொது நூலகத்தோடு இணைத்துவிடலாமே?

ஒரே கூரையின் கீழ் வைப்பது சிறிய கவுண்டிகளுக்கு நல்ல வழி. பொது நூலகத்தின் நேரமும் ஆட்களும் கிடைக்கும். ஆனால் நிர்வாகத்தையும் பணத்தையும் சேர்த்து இணைப்பது வேறு. நூலக நிதி தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று முன்னரே பார்த்தோம். அதைக் கதைப் புத்தகம் வாங்கச் செலவிட முடியாது. மேலும், குறிப்புதவி மேசையில் இருப்பவருக்குச் சட்டப் படிவங்களில் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி, எதைச் சொல்லக் கூடாது என்பது. உரிமம் இல்லாமல் சட்டத்தொழில் செய்வது 6125-ஆம் பிரிவின்படி தடை. ஆகவே நூலகர் உங்களுக்குப் பொருத்தமான கையேட்டையும் படிவத்தையும் எடுத்துக் காட்டுவார். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் வெல்வீர்கள் என்று சொல்லமாட்டார். அது அலட்சியம் அல்ல, சட்டம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பல நூலகங்கள் தன்னார்வ வழக்கறிஞர்களைக் குறித்த நாட்களில் வரவழைத்து இலவச ஆலோசனை நடத்துகின்றன.

சட்ட நூலகம் என்பது எங்கள் அரசியலமைப்பு உரிமை இல்லையா? மூடினால் வழக்குப் போட முடியாதா?

சிறைக் கைதிகளைப் பற்றிய இரண்டு தீர்ப்புகளிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. 1977-இல் பவுண்ட்ஸ் எதிர் ஸ்மித் வழக்கில், கைதிகள் நீதிமன்றத்தை அணுகுவதற்கு வழிசெய்யப் போதுமான சட்ட நூலகத்தையோ சட்ட உதவியையோ சிறைகள் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் லூயிஸ் எதிர் கேசி வழக்கில் அதே நீதிமன்றம் அதைச் சுருக்கியது: நூலகம் என்பது தன்னளவில் உரிமை அல்ல; அது இல்லாததால் தன் வழக்கு உண்மையாகவே கெட்டது என்று கைதி காட்ட வேண்டும்.

வெளியே சுதந்திரமாக நடமாடுகிறவருக்கு அந்த அளவு பிடிமானமும் இல்லை. கவுண்டி சட்ட நூலகம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் நிற்பது. சட்டமன்றம் நினைத்தால் மாற்றக்கூடியது.

மற்ற மாநிலங்கள் இதைவிட நன்றாகச் செய்கின்றனவா?

வேறுவிதமாகச் செய்கின்றன. வாஷிங்டன் மாநிலம் கலிபோர்னியாவை ஒத்தது: தாக்கல் கட்டணத்தில் பங்கு, கவுண்டி ஆட்சிக் குழுத் தலைவர் ஒருவர், நீதிபதிகள் இருவர், வழக்கறிஞர்கள் இருவர் என ஐவர் குழு. ஒஹாயோவில் நெடுங்காலம் தனியார் சங்கங்கள் சட்ட நூலகங்களை நடத்தின, அபராதப் பணம் அவற்றுக்குப் போனது. பொதுப்பணம் தனியார் கையில் இருப்பதைப் பற்றிய கேள்விகள் எழுந்து, 2008-இல் இயற்றிய சட்டத்தால் கவுண்டிதோறும் ஐவர் கொண்ட பொது வாரியம் அமைந்தது. அபராதப் பணம் மட்டும் தொடர்கிறது. தண்டனை குறைந்தால் நூலகம் இளைக்கும் ஏற்பாடு, கட்டணப் பங்கைவிட மேலானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாசசூசெட்ஸில் சட்ட நூலகங்கள் விசாரணை நீதிமன்ற அமைப்பின் பகுதி. செலவு மாநில வரவுசெலவுத் திட்டத்தில் வருகிறது. வழக்குகளின் எண்ணிக்கையோடு கட்டுண்ட ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை. உள்ளூர்க் குழுவின் தன்னாட்சியும் இல்லை. நூலகங்களைக் காப்பாற்றுவதற்காக இரண்டில் ஒன்றை இழக்க வேண்டுமென்றால், நான் தன்னாட்சியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுப்பேன்.

எங்கள் ஊர் நூலகம் நேரத்தைக் குறைக்கப் போகிறதாம். யாருக்கு எழுதுவது?

நேரம், கிளை, ஊழியர் பற்றியென்றால் அறங்காவலர் குழுவுக்கு. இடத்தைப் பறிக்கிறார்கள் என்றால் 6361-ஐக் குறிப்பிட்டு உங்கள் பகுதி மேற்பார்வையாளருக்கு. பணமே போதவில்லை என்றால் சாக்ரமென்டோவில் உள்ள உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாநில செனட்டருக்கும். மற்ற இருவரும் நினைத்தாலும் கட்டணப் பங்கை ஏற்ற முடியாது. மாநில வரவுசெலவுத் திட்டம் ஜூன் நடுவில் நிறைவேறும், ஆகவே கடிதம் வசந்த காலத்திலேயே போய்ச் சேர வேண்டும். எழுதும்போது நூலகத்தின் கடைசி ஆண்டறிக்கையிலிருந்து வருமான எண்ணையும், சில ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நன்கொடை கொடுத்தால் கவுண்டியின் பொதுப் பணத்தில் கலந்துவிடுமா?

சட்ட நூலகத்தின் பெயருக்கே கொடுத்தால் கலக்காது; அது நூலகத்தின் பணமாகத்தான் கணக்கில் ஏறும். சில நூலகங்களுக்கு நண்பர்கள் அமைப்பு என்று தனி இலாபநோக்கற்ற நிறுவனமும் உண்டு. வரிவிலக்குச் சீட்டு தேவைப்படுபவர்கள் எதன் பெயருக்குக் காசோலை எழுத வேண்டும் என்பதை நூலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகமாகக் கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் முதலில் பின்னட்டையைத் திறந்து இணைப்பேட்டின் ஆண்டைப் பாருங்கள். பத்தாண்டு பழைய சட்டத் தொகுதியை எந்த நூலகரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வதில்லை.